நதியின் நலம் கூறும் நீலச் சிறகுகள்

ஆற்று நீரின் தூய்மையை ஆய்வுகூடப் பரிசோதனை மூலம் மாத்திரமே அறியலாம் என எண்ணுதல் பொருந்தாது. கரையோரச் செடிகளில் வந்தமரும் சிற்றுயிர்களும் அந்நீரைப் பற்றிய சாட்சிகளே. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் பட்டைச் சிறகு ஊசித்தும்பி இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

தும்பிகள் அமரும்போது சிறகுகளை விரித்து வைத்திருக்கும். ஊசித்தும்பிகளுட் பெரும்பாலானவை அவற்றை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். கலொப்டெரிக்ஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என விஞ்ஞானிகளால் அழைக்கப்படும் இவ்வினத்தின் ஆண், நீலமும் பச்சையும் கலந்த உலோகப் பளபளப்புடைய உடலைக் கொண்டது. மை தோய்ந்த பெருவிரலால் ஒற்றியெடுத்தாற்போல் ஒவ்வொரு சிறகிலும் ஒரு கருநீலப் பட்டை காணப்படும். பெண்ணின் உடல் பொன் கலந்த பச்சை நிறமானது. அதன் சிறகுகள் ஒளி ஊடுருவும் இளம்பச்சையாகும். பறக்கும் விதமோ வண்ணத்துப்பூச்சியை ஒத்தது.

இதன் நெருங்கிய உறவான கலொப்டெரிக்ஸ் விர்கோ என்ற இனத்துக்கு, 1758 இல் லின்னேயஸ் 'கன்னி' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். அதன் ஆணுக்குச் சிறகு ஏறக்குறைய முழுவதுமே கருநீலமாக இருக்கும். வாழிடமும் வேறுபடும். பட்டைச் சிறகு இனம் சேறு படிந்த, மெதுவாக ஓடும் ஆறுகளை விரும்பும். மற்றையதோ கூழாங்கற்கள் நிறைந்த, குளிர்ந்த, ஒட்சிசன் மிகுந்த ஓடைகளையே நாடும். எனவே எவ்வினம் எங்கே வாழ்கிறது என்பதே நீரின் தன்மையை ஓரளவு உணர்த்திவிடுகிறது.

பெண் தும்பி நீர்த்தாவரங்களின் திசுக்களுக்குள் முட்டையிடுகிறது. குடம்பி பொதுவாக இரண்டு ஆண்டுகள் நீருக்கடியில் வாழ்ந்த பின்னரே சிறகு பெறுகிறது. போத்தலில் எடுக்கப்படும் நீர் மாதிரி அந்த ஒரு கணத்தைப் பற்றியே பேசும். குடம்பியோ இரண்டு ஆண்டுகளின் வரலாற்றைக் கூறும். எனினும், பறந்து வந்த ஒரு தும்பியை மட்டும் கண்டு ஆறு நலமாக உள்ளதெனத் தீர்மானித்தல் தவறாகும். குடம்பிகளோ அவை கழற்றிவிட்ட தோல்களோ காணப்படுவதே உறுதியான சான்றாகும்.

மத்திய ஐரோப்பாவில் கழிவுகளால் ஆறுகள் மாசடைந்த காலத்தில் பட்டைச் சிறகு இனம் பல இடங்களில் அருகிப்போனது. 1986 நவம்பர் 1 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கருகே இரசாயனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றியபோது, தீயணைத்த நீருடன் நச்சுப் பொருட்கள் ரைன் நதியிற் கலந்து விலாங்கு மீன்களைப் பெருந்தொகையாக அழித்தன. அதன் விளைவாக, ரைன் கரை நாடுகள் 1987 இல் ஒரு செயற்றிட்டத்தை வகுத்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2000 ஆம் ஆண்டில் பொதுவான நீர்ச் சட்டமொன்றை நிறைவேற்றியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டதைத் தொடர்ந்து இவ்வூசித்தும்பி பல ஆறுகளுக்கு மீண்டும் திரும்பியது.

ஆயினும் நாம் நிறைவடைய முடியாது. உலகில் மதிப்பீடு செய்யப்பட்ட 6,016 தும்பி இனங்களில் 16 சதவீதமானவை அழிவு அபாயத்தை எதிர்நோக்குவதாக 2021 இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பட்டைச் சிறகு ஊசித்தும்பியின் குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் இலங்கையின் ஓடைகளிலும் வாழ்கின்றன. இழந்ததை மீட்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஆறுகள் சாட்சி பகர்கின்றன. ஆனால் இழக்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே எம்முன் உள்ள கேள்வியாகும்.