பாறை முன்னே, மீன் பின்னே

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் கடல்நீரை நிரப்பி, பவளப்பாறையின் வர்ணஜாலத்தை அன்றாடம் கண்டு மகிழ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மீன் கடைக்குத்தான் புறப்படுகிறார்கள். ஆனால் இந்தக் கலையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, கடல் ஜீவன்களைக் கண்ணாடிக்குள் நெடுநாள் வாழவைக்கும் வித்தை மனிதனுக்குக் கைவந்தது கல்லைக் கவனிக்கத் தொடங்கிய பிறகே என்பது விளங்கும். இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, மத்தியதரக் குடும்பங்களிலெல்லாம் அந்த மோகத்தைப் பரப்பினார். பரவியதே தவிர, பெரும்பாலான தொட்டிகளில் நீர் விரைவில் கெட்டுப்போயிற்று. அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், 1961-இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தம் அனுபவத்தை எழுதினார். புழுக்களும் பாசிகளும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் குடிகொண்ட பாறைத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து வந்து தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளால் நீரை அசையச் செய்து, வடிகட்டி ஏதுமின்றியே மீன்களையும் பவளங்களையும் அவர் வளர்த்து வந்தார். இன்று உலகெங்கும் வைக்கப்படும் பவளத் தொட்டிகளுக்கெல்லாம் அந்த எளிய ஏற்பாடே அஸ்திவாரம் என்று சொல்லலாம்.

பாறை செய்யும் உபகாரம் இது. மீனின் சுவாசத்திலிருந்தும் கழிவிலிருந்தும், உண்ணாது விடப்பட்ட இரை அழுகுவதிலிருந்தும் அம்மோனியா என்னும் விஷப்பொருள் உண்டாகிறது. சமுத்திரத்தில் அது எல்லையற்ற ஜலத்தில் கரைந்து மறைந்துவிடும். தொட்டியிலோ போக்கிடமின்றித் தங்கி, மீனின் செவுள்களைச் சேதப்படுத்திக் கொன்றுவிடும். பாறையின் நுண்துளைகளில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. பிராணவாயு எட்டாத பாறையின் உட்புறத்தில் வசிக்கும் வேறு சில, நைட்ரேட்டையும் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுவரை தொட்டியில் கல்லும் நீரும் மட்டுமே இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை, தனியே எடுத்த தொட்டி நீரில் டெஸ்ட் கிட் என்னும் நீர்ப் பரிசோதனைப் பொருளின் சொட்டுகளை விட்டு நிறம் பார்த்து வந்தால், அம்மோனியா ஏறி இறங்குவதையும், பின்னர் நைட்ரைட் ஏறி இறங்குவதையும் காணலாம். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மாத்திரம் தெரியும் நாளே மீனை வரவேற்கத் தகுந்த நாள். இந்தப் பொறுமை இல்லாதவர்களின் கையில் எத்தனையோ அழகிய மீன்கள் ஒரே வாரத்தில் மாண்டுபோகின்றன என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

முதல் தொட்டிக்கு 200 லிட்டர் கொள்ளளவு உசிதம் என்பது என் அபிப்பிராயம். சிறிய தொட்டி சுலபம் என்று பலர் எண்ணுகிறார்கள். நீர் குறையக் குறைய அதன் வெப்பமும் உப்பும் அவ்வளவு வேகமாக மாறும் என்பதை அவர்கள் அறிவதில்லை. குழாய் நீரில் குளோரினும் பாஸ்பேட்டும் சில வேளைகளில் செம்பும் கலந்திருக்கும். செம்பு மிகச் சொற்பமானாலும் இறாலுக்கும் பவளத்துக்கும் எமன். ஆகவே நன்கு சுத்திகரித்த நீரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறத்தாழ 7 கிலோ செயற்கைக் கடலுப்பைக் கரைத்து (சமையலுப்பு ஒருபோதும் உதவாது) ஒரு நாள் முழுதும் மோட்டாரால் கலக்கி, அடர்த்தி 1.025 அளவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பிலுள்ள குழம்பு வற்ற வற்ற உப்புக் கரிப்பது போலவே தொட்டி நீரும் ஆவியாக ஆவியாகக் கரிப்பு மிகும். ஆதலால் அன்றாடம் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றி ஈடுசெய்ய வேண்டுமேயன்றி உப்புநீரை ஊற்றக் கூடாது.

பவளம் ஒரு பிராணி. எனினும் அதன் உடலுக்குள் வாசம் செய்யும் நுண்பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டு தயாரிக்கும் ஆகாரமே அதற்குப் பெரும்பகுதி ஜீவாதாரம். தொட்டிக்கு நீலம் கலந்த பிரகாசமான விளக்கு வைப்பது அதனால்தான். வெப்பம் 25, 26 டிகிரியில் நிலைத்திருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி இல்லாமல் இது சாத்தியமன்று. நீர் மிதமிஞ்சிச் சூடேறினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் அந்த விபரீதம் நேர்ந்தது.

அந்த வளைகுடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 21 தீவுகளைக் கொண்ட அந்தக் கடற்பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்படுவதற்கு முன்பு, சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்குமாகப் பவளப்பாறைகள் அங்கே வெட்டியெடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துபோயின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறைப் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன, கடற்குதிரையும் அவ்வாறே. புலி இடம்பெற்றிருப்பதும் அதே அட்டவணையில்தான். ஆகையால் லீ சின் எங் செய்ததைப் போலக் கடற்பாறையைப் பெயர்த்து வர நமக்கு உரிமையில்லை. சுட்ட மண்ணாலோ சிமென்டாலோ செய்த துளையுள்ள செயற்கைப் பாறையில் பாக்டீரியாவைக் குடியேற்றுவதே நமக்கு உகந்த மார்க்கம். காலம் சற்றுக் கூடுதலாகும், பலனில் குறைவில்லை. சட்டம் இடந்தரும் அயல்நாடுகளில் வாழும் நம்மவர்கள், தொட்டியிலேயே துண்டித்துப் பயிர்செய்த பவளத்தையே வாங்க வேண்டும்.

மீன் விஷயத்திலும் இதே நியாயம்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அதில் மீனோடு பவளமும் மடிகிறது. ஆனால் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கிறார்கள். அத்தகைய குஞ்சுகள் தொட்டி வாழ்வுக்குப் பழகியவை. தீவனத்தைத் தயங்காமல் உண்பவை. பாறை பக்குவமடைந்த பிறகு முதன்முதலாக விடும் ஜோடி அவையாகவே இருக்கட்டும். கடைக்காரரிடம் விலையை விசாரிக்குமுன், இந்த மீன் கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். கடலில் பிடித்தது என்றால் வாங்காதீர்கள்.