ரொட்டித் துண்டும் ஒரு பாடம்!

முரட்டுப் பிள்ளைக்குப் பிரம்பு, அழுமூஞ்சிக்கு மூலை! உபாத்தியாயர்களுக்கு வேறு வைத்தியம் தெரிந்திருந்ததா என்ன? லண்டன் மாநகரின் ஹாக்னி வட்டாரத்தில், 1960-களின் கடைசியில், பள்ளியில் சேர்ந்த சூட்டோடு, "இந்தப் பிள்ளை நமக்குச் சரிப்படாது" என்று தனிப் பள்ளிக்குச் சிபாரிசு செய்யப்பட்ட குழந்தைகள் ஏராளம்.

மனோதத்துவ நிபுணர் மார்ஜரி பாக்ஸால் அம்மையார் வேறு விதமாக யோசித்தார். மழலைப் பருவத்தில் கிடைக்காத அரவணைப்பைப் பள்ளியிலேயே கொடுத்தால் என்ன? 1969-ல் 'நர்ச்சர் குரூப்' என்ற அரவணைப்பு வகுப்பு பிறந்தது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். அறையில் சோபாவும் உண்டு, சாப்பாட்டு மேஜையும் உண்டு.

எல்லோரும் கூடி உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். இது என்ன படிப்பு என்கிறீர்களா? தன் முறை வரும்வரை காத்திருப்பது அந்தக் குழந்தைக்குக் கணக்கைவிடக் கஷ்டமான பாடம், ஐயா!

பயிற்சி என்னவோ பெரியவர்களுக்குத்தான். குழந்தை நாற்காலியை உதைத்தால் உடனே அதட்டக் கூடாது. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கவனிக்க வேண்டும். ஆசிரியையும் உதவியாளரும் குழந்தைகள் எதிரிலேயே கருத்து மாறுபட்டு, சண்டையின்றிச் சமாதானமாகிக் காட்டவும் வேண்டும். வீட்டில் கூச்சலையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது அதிசயக் காட்சி!

பிள்ளையின் பெயர் பழைய வகுப்புப் பதிவேட்டிலேயே இருக்கிறது. சில பருவங்களில் அங்கேயே திரும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆகவே, அந்த வகுப்பு ஆசிரியைக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.