தோரணமா, வாக்கியமா?

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 1884இல் நீராவிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கியது. 1960இல் இந்திய அரசு இதை வாங்கியது. சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ‘அஜய்’ 1961இல் இங்கிருந்துதான் போனது. 2019 மார்ச்சில் நூறாவது போர்க்கப்பலையும் தளம் ஒப்படைத்துவிட்டது. இங்கே கட்டிய ‘விந்தியகிரி’ போர்க்கப்பலைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஆற்றில் இறக்கிவைத்தது 2023 ஆகஸ்டில்.

ஆற்றில் இறங்கியவுடன் கப்பல் போர்க்கப்பல் ஆகிவிடாது. கடற்படையில் சேர்க்கும் நாளில் கம்பத்தில் ஒரு நீண்ட, ஒல்லியான கொடி ஏறும். ‘கமிஷனிங் பென்னன்ட்’ என்பார்கள். அன்றிலிருந்து கப்பல் ஓய்வு பெறும் நாள்வரை அது கம்பத்திலேயே இருக்கும். அதோடு ஒரு மூட்டைக் கொடிகளும் கப்பலோடு போகின்றன. குடியரசு தினத்தில் கப்பலின் முன்முனையிலிருந்து கம்ப உச்சி வழியாகப் பின்முனைவரை கோயில் திருவிழாத் தோரணம்போல் தொங்குகிறதே, அந்த வண்ணக் கொடிகள்தான். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். ஆனால் மற்ற நாட்களில் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

அனைத்துலகச் சமிக்ஞைத் தொகுப்பில் மொத்தம் 40 கொடிகள்: ஆங்கில எழுத்துகளுக்கு 26, எண்களுக்கு 10, ‘பதிலி’க் கொடிகள் 3, பதில் சொல்லும் கொடி 1. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறங்கள். தூரத்தில் கடலும் வானமும் கலங்கித் தெரியும்போது இளநிறங்கள் எடுபடாது. அதனால்தான் மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு அல்லது நீலம், வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு அல்லது நீலம் என்று பளிச்சென்ற ஜோடிகளாகவே பெரும்பாலான கொடிகள் அமைந்திருக்கின்றன.

தனிக்கொடிகள் பெரும்பாலும் அவசரச் சங்கதிகளுக்கு. வெள்ளையும் நீலமுமாக, வால் பிளந்த ‘ஏ’ கொடி ஏறினால், ‘தண்ணீருக்குள் முக்குளிப்பவர் இருக்கிறார், மெதுவாக ஒதுங்கிப் போ’ என்று பொருள். முழுச் சிவப்பான ‘பி’, வெடிபொருள் போன்ற ஆபத்தான சரக்கு கையாளப்படுவதைச் சொல்லும். மூலைக்கு மூலை பிரிந்த சிவப்பு மஞ்சள் ‘ஓ’, ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்பதற்கு. ‘சி’ என்றால் ஆம், ‘என்’ என்றால் இல்லை. ‘என்’னும் ‘சி’யும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறினால் ‘ஆபத்து, உதவி வேண்டும்’. ஆமும் இல்லையும் சேர்ந்து அபயக்குரலாவது விநோதம்தான். தொகுப்பு ஒன்பது மொழிகளில் அச்சானது. ஆகவே ரஷ்ய மாலுமியும் கிரேக்க மாலுமியும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே பேசிக்கொள்ளலாம்.

ஹூக்ளிக்கு மிக நெருக்கமான கொடிகள் இரண்டு. மணல்திட்டுகள் இடம்மாறிக்கொண்டே இருக்கும் இந்த ஆற்றில், வழிகாட்டும் பைலட் இல்லாமல் பெரிய கப்பல் கொல்கத்தாவரை வர முடியாது. மஞ்சளும் நீலமுமாக ஆறு பட்டைகள் கொண்ட ‘ஜி’, பைலட் வேண்டும் என்கிறது. பாதி வெள்ளை பாதி சிவப்பான ‘எச்’, பைலட் ஏறிவிட்டார் என்கிறது.

இந்த முறையின் வேர் 1857இல் பிரிட்டிஷ் வணிக வாரியம் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அப்போது 18 கொடிகள் மட்டுமே. உயிரெழுத்துகள் ஒன்றுகூட இல்லை. எழுத்துகள் தற்செயலாகச் சேர்ந்து கெட்ட வார்த்தை ஆகிவிடக் கூடாதாம்! உயிர் போனாலும் கணக்கு குறையவில்லை. நான்கு கொடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் 18 × 17 × 16 × 15, அதாவது 73,440 வரிசைகள் கிடைக்கும்.

ஒரே எழுத்து இருமுறை வர வேண்டுமானால்? அதற்குத்தான் பதிலிக் கொடிகள். முதல் பதிலி, மேலிருந்து முதலில் உள்ள கொடியை மறுபடி படிக்கச் சொல்கிறது. இரண்டாவது பதிலி இரண்டாவதை. இந்த மூன்று கொடிகளால், நாலைந்து மூட்டைக்குப் பதில் ஒரே மூட்டை போதும் என்றாகிவிட்டது. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே செய்த தரவுச் சுருக்கம் என்றே இதைச் சொல்லலாம்.

சுருக்கத்தில் ஆபத்தும் உண்டு. 1915 ஜனவரி 24 அன்று வட கடலின் டாகர் பேங்கில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெர்மன் கப்பல்களை விரட்டிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் தளபதி பீட்டியின் ‘லயன்’ கப்பல் பலமாக அடிபட்டது. வானொலியும் விளக்குகளும் போய்விட்டன. கொடி கட்டும் கயிறுகளில் மிஞ்சியவை இரண்டே. ஒன்றில் ‘வடகிழக்கே செல்’ என்ற கட்டளை ஏறியது. மற்றதில் ‘எதிரியின் பின்பகுதியைத் தாக்கு’. இரண்டையும் பிற கப்பல்கள் ஒரே வாக்கியமாகப் படித்தன: ‘வடகிழக்கே உள்ள எதிரியின் பின்பகுதியைத் தாக்கு’. ஏற்கெனவே நொறுங்கிப்போயிருந்த ஜெர்மன் கப்பல் ‘ப்ளூஷர்’ அந்தத் திசையில்தான் இருந்தது. எல்லோரும் அதன்மேல் பாய, மற்ற ஜெர்மன் கப்பல்கள் தப்பிவிட்டன. கொடியிலும் பிழையில்லை, படித்தவர் கண்ணிலும் பிழையில்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வைக்க ஒரு முற்றுப்புள்ளி மட்டும் கம்பத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு ஜட்லண்ட் போரில் அதே பீட்டியின் கொடிகளைத் தூரமும் புகையும் மறைக்க, பின்னால் வந்த கப்பல் அணி திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை.

அதனால்தான் கொடிப் பேச்சில் ஒப்புகைக்கு இவ்வளவு மரியாதை. எதிர்க்கப்பலின் கொடிகளைப் பார்த்ததும் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும், புரிந்ததும் உச்சிக்கு. பாதியிலேயே நின்றால், ‘பார்த்தோம், புரியவில்லை’ என்று அர்த்தம். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! திருவிழாத் தோரணத்தில்கூட எதேச்சையாக வாக்கியம் அமைந்துவிடாதபடி வகுத்த வரிசையில்தான் கொடிகளைக் கட்டுகிறார்கள்.

செயற்கைக்கோள் காலத்தில் இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளால் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கே செய்தி அனுப்புகிறது. ஆனால் வானொலி அலையை அனுப்புகிறவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அந்த அலை காட்டிக்கொடுத்துவிடும். கொடி அப்படி அல்ல. கண்ணுக்கு எட்டுகிறவரைக்கும் மட்டுமே பேசும். பக்கத்துக் கப்பலோடு பேச அது போதும். காற்று நின்றால் தொங்கிப்போகும், இருட்டினால் ஊமையாகும் என்பதெல்லாம் உண்மைதான். அந்த நேரத்துக்கு விளக்கு இருக்கிறது.

நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலிடமிருந்து போர்க்கப்பல் எரிபொருள் வாங்கும்போது இந்தக் கொடிப் பேச்சைக் காணலாம். இரண்டும் சில பத்து மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும். பல நாட்டுக் கடற்படைகளில் இதற்கு ‘ஆர்’ கொடிதான். பாதி உயரத்தில் நின்றால் தயாராகிக்கொண்டிருக்கிறோம். உச்சிக்குப் போனால் தயார். எண்ணெய் பாயும்போது சிவப்பு ‘பி’ பறக்கும்.

நல்லபடி முடிந்தால் ‘பி’யும் ‘இசட்’டும் சேர்ந்து ஏறுவது உண்டு. கடற்படைக்காரர்களுக்கு அது ‘பிராவோ ஜூலு’, ‘சபாஷ்’ என்று பொருள். வணிகக் கப்பல்களின் தொகுப்பிலோ ‘பி’ ஆபத்தான சரக்கு, ‘இசட்’ இழுவைப் படகு வேண்டும் என்பது. கடற்படைக்குத் தனி அகராதி உண்டு, அதில் கொடிகளும் கூடுதல். எனவே போர்க்கப்பல் ஒன்று வணிகக் கப்பலோடு பேச வேண்டுமென்றால், பதில் கொடியை எல்லோர் கண்ணிலும் படும்படி ஏற்றி, பேச்சு முடியும்வரை பறக்கவிட வேண்டும். இப்போது பேசுவது உங்கள் அகராதியில், எங்களுடையதில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.