கண்ணாடி மனையும் மலரிஞ்சியும்

இஞ்சி, மஞ்சள், ஏலம், சித்தரத்தை என்பவற்றை நாம் நன்கறிவோம். இவற்றின் குடும்பத்திலேயே மலரழகுக்கென வளர்க்கப்படும் செடிகளும் பல உள. அவற்றுள் ஒன்று, வெண்ணிறப் பட்டாம்பூச்சி போல் மலர்ந்து மணம் கமழும் ஹெடிக்கியம் என்பது. 'இனிய பனி' என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்த கோனிக் என்பார் இட்ட இப்பெயர், 1783-இல் அச்சேறி நிலைபெற்றது.

குளிர்நாட்டார் இச்செடிகளைக் கண்ணாடி மனைகளில் வளர்ப்பர். லண்டன் கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை கட்டப்பெற்ற பனை மனை இவ்வகையிற் புகழ்பெற்றது. கண்ணாடி வழியே புகும் வெயில் மண்ணையும் இலைகளையும் சூடாக்குகின்றது. சூடேறிய காற்று வெளியேற வழியின்றி உள்ளே தங்குகின்றது. தரையில் தெளித்த நீரும் ஆவியாகி அங்கேயே நிற்கின்றது. வெயில் போதாத மாதங்களில் வெந்நீர்க் குழாய்கள் துணைசெய்யும். நம் நாட்டிலும் உறைபனி விழும் உதகமண்டலத்துத் தாவரவியற் பூங்காவில் கண்ணாடி மனை உண்டு.

இனி, திண்டிவனத்தையடுத்த ஒலக்கூரில் இவற்றை வளர்க்க விரும்புவோர்க்குக் கண்ணாடி மனை வேண்டுமோ எனின், வேண்டுவதன்று. சித்திரை வைகாசியில் மூடிய கண்ணாடி மனை அடுப்பேயாகும், இலைகள் கருகிப்போம். இங்கே வெப்பத்திற்குக் குறைவில்லை. குறைவாயுள்ளவை நிழலும் ஈரமுமே. ஆகலின் அம்மனையின் உருவத்தையன்று, இல்லாததைத் தேடித் தருதல் என்னும் அதன் கருத்தையே நாம் கைக்கொள்ளல் வேண்டும்.

பாதி வெயில் இறங்குமாறு தென்னங்கீற்றுப் பந்தலிட்டு, மேற்கே தட்டி கட்டுக. செம்மண்ணோடு மணலும் மட்கிய சாணமும் இலைமட்கும் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்து, கிழங்குகளை ஆழமின்றிப் புதைக்க. காலையில் நீர் விட்டு, மாலையில் சுற்றுத்தரையை நனைத்தல் நலம். ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மேட்டுப்பாத்தி அதற்கே காப்பாகும். ஒரு தண்டு ஒருமுறையே பூக்கும். பூத்தபின் அதனை அடியோடறுத்தால் புதுமுளைகட்கு இடமுண்டாம்.

கோடையில் கிணறு வற்றுங்கால், மாந்தர்க்கும் கால்நடைக்கும் வேண்டிய நீரைப் பூச்செடிக்கு இறைத்தல் தகுமோ எனச் சிலர் வினவுவர். தகாதுதான். அக்காலத்தில் இலைகள் காய்ந்தால் அஞ்ச வேண்டா. பாத்தியின்மேல் வைக்கோல் பரப்பிக் கிழங்கைக் கடுவெயிலினின்று காத்தல் போதும். மண்ணுள் அது உறங்கிக்கிடந்து, மழை கண்டபின் முளைக்கும். இவ்வுறக்கமறிந்து வளர்ப்போர்க்கு, பெருஞ்செலவின்றியே இம்மலர் கைகூடும்.