தாய்ப்பாலைக் காய்ச்சினால் அதன் காவல் குறையுமா?

கைக்குழந்தையுடன் திருமலைக்குச் செல்லும் குடும்பங்களை ஆண்டு முழுவதும் காண்கிறோம். தரிசன வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளுக்குத் தேவஸ்தானத்தார் பால் வழங்குவதும் நாம் அறிந்ததே. மலையடிவாரத்திலுள்ள திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் கறவை மாடு பல குடும்பங்களின் வாழ்வாதாரம். பாலைக் காய்ச்சாமல் அருந்தலாகாது என்பது அங்கும் நம் இல்லங்களிலும் வழிவழியாக வரும் பாடம். மாட்டுப்பாலைப் பொறுத்தவரை அது சரியான பாடமே. ஆனால், பச்சிளங்குழந்தைக்காகப் பீய்ச்சி எடுத்து வைக்கும் தாய்ப்பாலுக்கும் அதே பாடம் பொருந்துமா?

பாலில் உள்ள காவலர்கள்

பிறந்த குழந்தையின் குடல் முதிர்ச்சி அடையாதது. அதன் உட்சுவர் மெல்லியது. நோய்க்கிருமிகள் எளிதில் ஊடுருவக்கூடியது. இக்குறையை ஈடு செய்வது தாய்ப்பால். அதில் உள்ள இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்பொருள், கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாதவாறு தடுக்கிறது. தாய் எக்கிருமிகளை எதிர்கொண்டாரோ அவற்றுக்கு எதிரானதாகவே அது பெரும்பாலும் அமைவது இதன் சிறப்பு. லாக்டோஃபெரின் என்னும் புரதம், கிருமிகள் பெருகுவதற்குத் தேவையான இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்கிறது. லைசோசைம் என்னும் நொதி கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கிறது. ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரை வகைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை பிஃபிடோபாக்டீரியா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. தீய கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. இவற்றோடு உயிருள்ள வெள்ளணுக்களும் தாய்ப்பாலில் உண்டு.

வெப்பம் செய்யும் மாற்றம்

கொடையாகப் பெறப்படும் தாய்ப்பால், ஹோல்டர் முறை என்னும் பதப்படுத்தலுக்கு உட்படுத்தப்படுகிறது. பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்து, பின்னர் விரைந்து குளிர்விப்பதே இம்முறை. எச்.ஐ.வி., சைட்டோமெகலோ ஆகிய வைரஸ்களும், நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் இதில் அழிகின்றன.

அதே வெப்பம் காவலர்களையும் ஓரளவு வீழ்த்துகிறது. வெள்ளணுக்கள் முற்றிலும் அழிகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் லிப்பேஸ் நொதி செயலிழக்கிறது. லாக்டோஃபெரின் பெருமளவு குறைகிறது, லைசோசைமும் குறைகிறது. இம்யூனோகுளோபுலின் ஏ ஒரு பகுதியை இழந்தாலும் கணிசமாக எஞ்சுகிறது. ஒலிகோசாக்கரைடுகள் ஏறத்தாழ அப்படியே நிலைக்கின்றன.

இதனால் ஒரு முக்கிய விளைவு உண்டு. பதப்படுத்தாத பாலில் புதிதாகக் கிருமி ஒன்று புகுந்தால், அதன் பெருக்கத்தைப் பாலே தடுக்க முயலும். பதப்படுத்திய பாலில் அந்த ஆற்றல் குறைவு. ஆகவேதான் பதப்படுத்திய பின்னர் கூடுதல் தூய்மையும் குளிர்ச்சியும் இன்றியமையாதவை ஆகின்றன.

உறைய வைத்தல் இத்துணை இழப்பை உண்டாக்குவதில்லை. உயிரணுக்கள் அழியினும், காக்கும் புரதங்கள் பெரும்பாலும் நிலைக்கின்றன. கொதிக்க வைப்பதோ ஹோல்டர் முறையைவிட மிகுதியான இழப்பைத் தருகிறது.

வட்டியில்லா வங்கி

அப்படியாயின் கொடைப்பால் பயனற்றதா? அன்று. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. குடல் திசுக்கள் வீங்கி அழுகும் அந்நோய் உயிரையும் பறிக்கக்கூடும். புட்டிப்பால் மாவு பெறும் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, கொடைப்பால் பெறும் குழந்தைகளுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. காவலர் சிலர் குறைந்தாலும், எஞ்சியோர் உயிர் காக்கின்றனர். எனவே எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு முதலில் பெற்ற தாயின் பால், அது கிடைக்காதபோது கொடைப்பால், அதுவும் இல்லாதபோதே மாவுப்பால் என்பது மருத்துவ உலகம் ஏற்ற வரிசை.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில், குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இன்று சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட பல இடங்களில் இத்தகைய வங்கிகள் இயங்குகின்றன. நடுவண் அரசு 2017இல் இவற்றுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கொடையளிக்கும் தாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. பதப்படுத்திய பாலில் கிருமி வளர்கிறதா என்றும் சோதிக்கப்படுகிறது. இவ்வங்கியில் வைப்பவர்க்கு வட்டியில்லை; பெறுபவர்க்குக் கடனுமில்லை. தாய்ப்பாலை விற்பனைப் பொருளாக்குதல் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ஆம் ஆண்டு மே மாதம் தெளிவுபடுத்தியுள்ளது.

இல்லத்தில் நாம் கொள்ள வேண்டியவை

வேலைக்குத் திரும்பும் தாய்மார்களும் பயணம் மேற்கொள்வோரும் இவற்றை நினைவில் கொள்வது நலம்:

• தம் குழந்தைக்காகப் பீய்ச்சிய பாலைக் காய்ச்ச வேண்டா. கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்து, குளிர் நீங்கச் செய்தால் போதும்.

• மைக்ரோவேவ் அடுப்பைத் தவிர்க்க வேண்டும். அது பாலைச் சீரின்றிச் சூடாக்கும். குழந்தையின் வாய் புண்ணாகக்கூடும்.

• அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. குளிர்பதனப் பெட்டியில், கதவருகே அன்றி உட்புறத்தில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுதல் நன்று.

• குழந்தை அருந்திய பின் மிஞ்சிய பாலை மீண்டும் சேமிக்கலாகாது.

• அறிமுகமான தாயே ஆயினும், பரிசோதனையின்றிப் பிறர் பாலைப் பெற்றுக் கொடுப்பது இடர் தரும். தேவைப்படின் மருத்துவமனைப் பால் வங்கியையே நாட வேண்டும்.

• முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். காய்ச்சியதாயினும் மாட்டுப்பால் அப்பருவத்துக்கு உரியதன்று.

மாட்டுப்பாலைக் காய்ச்சுவது கிருமியிடமிருந்து நம்மைக் காக்க. தாய்ப்பாலைக் காய்ச்சாதிருப்பது, அதனுள் இருக்கும் காவலைக் குழந்தைக்குக் குறைவின்றிச் சேர்க்க. இவ்வேறுபாட்டை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துரைப்போம். பால் கிண்ணத்தை அன்போடு அடுப்பில் ஏற்றும் கை பெரும்பாலும் அவர்களுடையதே.