மைக்குக்குள் ஓர் அடுப்பு

கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்ப இரண்டு விரல் போதும். அதில் எழும் தீயோ ஓர் அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். தீக்குப் பலம் கொடுப்பது சிலிண்டர்; கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே விரலின் வேலை. ஸ்டூடியோவில் பாடகர் முன்னால் தொங்கும் டியூப் கண்டென்சர் மைக்குக்குள் நடப்பதும் இதுதான்.

முதலில் விரலைப் பார்ப்போம். மைக்கின் கம்பி வலைக்குள் கேப்சூல் என்ற வட்டமான பாகம் இருக்கிறது. அதில் தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று. தடிமன் சில மைக்ரான்தான். மிகச் சிறிய இடைவெளி விட்டு அதன் பின்னால் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே சுமார் 60 வோல்ட் கொடுத்து வைத்திருப்பார்கள். ஏறிய மின்னேற்றம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். குரல் சவ்வைத் தட்டின் பக்கம் தள்ளினால் மின்னழுத்தம் குறையும், சவ்வு விலகினால் கூடும். பாட்டு மின்சாரமாகிவிட்டது. ஆனால் இந்த விரல் சரியான நோஞ்சான். நேராகக் கேபிளில் அனுப்பினால் பாதி வழியிலேயே கரைந்துபோகும்.

ஆகவே குமிழ் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தொட்டாலே திரும்பவும் வேண்டும். கேப்சூலுக்குச் சற்றுக் கீழே வால்வை (டியூப் என்பதும் இதுதான்) பொருத்துவது இதற்காகத்தான். பழைய வால்வு ரேடியோவில் இருந்த அதே சாதி. உள்ளே சூடேறிய கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரிலுள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பிச் சுருள்தான் குமிழ். கேப்சூலின் மின்னழுத்தம் அதில் சற்றே ஏறி இறங்கினால் போதும், எலக்ட்ரான் ஓட்டம் அப்படியே கூடிக் குறையும். கேப்சூலிடமிருந்து கிரிட் கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சுவதில்லை. சத்தத்தைப் பெரிதாக்குவதைவிட, நோஞ்சான் சமிக்ஞைக்கு முதுகெலும்பு கொடுப்பதே இந்த வால்வின் முதல் கடமை.

சிலிண்டர் எங்கே? மைக்கோடு வரும் தனிப் பெட்டிதான். மைக் கேபிள் வழியே மிக்சர் தரும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபேண்டம் பவர்) வால்வுக்குப் பொதுவாகப் பற்றாது. பெர்லினின் நாய்மன் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த யூ 47 மைக்குக்குத் தனிப் பெட்டியிலிருந்து 105 வோல்ட் போனது. அதன் வால்வு டெலிஃபுங்கன் தயாரித்த விஎஃப் 14. ஆபி ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் பாடியது இந்தக் குடும்பத்து மைக்குகளில்தான்.

எல்லோரும் சிலாகிக்கும் அந்த 'வெதுவெதுப்பு'? குமிழை முழுக்கத் திறந்த பிறகு தீ அதற்கு மேல் ஏறாது. வால்வும் எல்லையை நெருங்க நெருங்கத் தயங்கும். அலையின் ஒரு பக்கம் லேசாக மழுங்கும். அப்போது நடு ஸ்தாயி ஸட்ஜம் பாடினால் மேல் ஸ்தாயி ஸட்ஜத்தின் சாயல் மெலிதாக ஒட்டிக்கொள்ளும். காது அதைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தணிந்த குரலில் பாடும்போது இந்தக் கலப்படம் மிகச் சொற்பம். பாராட்டில் பெரும்பங்கு கேப்சூலுக்குச் சேர வேண்டியது. 1960-இல் வந்த யூ 67-இல் வால்வு உண்டு, 1967-இல் வந்த யூ 87-இல் டிரான்சிஸ்டர். கேப்சூல் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டிலும் ஒரே குடும்பச் சாயலைக் கேட்கலாம். வால்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வாங்கிவிட்டால், பாடுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். வால்வு சூடேறி நிலைப்பட நேரம் வேண்டும். பாடகரை ஒரு சாண் தள்ளி நிறுத்தி, நடுவில் மூச்சைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வையுங்கள். மூச்சின் ஈரம் கேப்சூலில் படிந்தால் மின்னேற்றம் கசிந்து சரசரவென்று இரையும். பெட்டியை அணைக்காமல் மைக்கின் கேபிளைப் பிடுங்காதீர்கள்.