கடலடிக் கணக்கு – 9: குளித்தவருக்கு மூன்றில் ஒன்று

1905-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் நடந்த சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, காலனி அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருவாய் தந்தது. குளிப்பதற்கு நம் தமிழகக் கரையிலிருந்தும் தோணி தோணியாக ஆட்கள் போனார்கள். மறு ஆண்டே வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று, வருடத்துக்கு 3,10,000 ரூபாய் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பாரில் சிப்பியே இல்லை. 1912-ல் கம்பெனி கலைந்தது.

அதே வளைகுடாவில் பின்னாளில் வந்த இன்னொரு குத்தகைக்காரர் கெய்ர்ன் என்ற எண்ணெய்க் கம்பெனி. 2008-ல் இலங்கை அரசிடம் எண்ணெய், எரிவாயு தேட ஒரு கடல் தொகுதியை எடுத்தது. 2011-ல் ஜப்பானின் ஆய்வுக் கப்பல் ‘சிக்யூ’ வந்து, 1,300 மீட்டருக்கும் கீழே கிடந்த கடலடியைத் துளைத்தது. டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு தட்டுப்பட்டது. பிறகு உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. 2015-ல் கெய்ர்ன் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. முன்னவர் சரக்கு தீர்ந்து போனார், இவர் சரக்கு இருந்தும் போனார்.

இப்படியொரு படிவு எல்லைக்கோட்டைத் தாண்டி நம் பக்கமும் நீண்டிருந்தால் யாருக்குச் சொந்தம்? இந்தியாவும் இலங்கையும் 1976-ல் செய்த ஒப்பந்தம் இதை விட்டுவைக்கவில்லை. எடுக்கும் முறையையும் வருமானத்தைப் பிரிக்கும் முறையையும் இரு அரசுகளும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் நைஜீரியாவும் சாவோ தோமேயும் இன்னும் துணிந்தன. எல்லைத் தகராறை ஓரமாக வைத்துவிட்டு, 2001-ல் கடலையே கூட்டுச் சொத்தாக்கி 60-க்கு 40 என்று எழுதிக்கொண்டன. கிணறு தோண்டியது அதற்கப்புறம்தான். விற்கிற அளவுக்கு எண்ணெய் வரவில்லை என்பது வேறு கதை.

இந்த ஒப்பந்தத் தாள்களில் எல்லாம் அரசுகளுக்குப் பங்கு உண்டு, கம்பெனிகளுக்கும் உண்டு. கரையில் இருப்பவருக்கு?

சலாபத்தில் அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு கூறு குளியாட்களுக்குப் போனது. அது துரைமாரின் தயாளம் அல்ல. ஒருவர் மூச்சடக்கிக் கீழே போகாமல் ஒரு சிப்பியும் மேலே வராது. அதனால் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. துளையிடும் கப்பலுக்கு உள்ளூர்க்காரர் மூச்சு தேவையில்லை. பங்கு காணாமல் போனதற்கு என் கணக்கில் இதுதான் காரணம். நைஜீரிய அரசியல் சட்டம், எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 சதவீதம் என்கிறது. அதுவும் மாநிலக் கஜானாவுக்குத்தான். நைஜர் டெல்டாவின் ஓடைகளில் வலை போடுகிறவர் கைக்கு நேராக வருவதில்லை. நம் கடற்கரையில் இந்தப் பேச்சையே யாரும் இன்னும் எடுக்கவில்லை. கடலில் வாயு எடுத்தால் தருவைக்குளத்துக்காரருக்கும் வேம்பார்க்காரருக்கும் என்ன பங்கு என்று கேட்டால், அதிகபட்சம் நஷ்டஈடு என்ற பதில்தான் வரும். நஷ்டஈடு என்பது பங்கு அல்ல.

இத்தனைக்கும் தூத்துக்குடிக்கு எரிவாயு வந்தது கடலிலிருந்து அல்ல, தரைவழியாக: 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட, ராமநாதபுரத்திலிருந்து வரும் 143 கிலோமீட்டர் குழாயில். நாப்தாவில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பிக் உர ஆலை வாயுவுக்கு மாறிய கதை அடுத்த வாரம்.